தொழிற்சாலை வாசலில் சாவி

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனில் ஒருவர் புதுக் கார் கேட்டால், பெயரை எழுதிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கார் கம்பெனிகளுக்கு எஃகை அரசாங்கம்தான் அளந்து கொடுத்தது. எவன் அதிகம் ஏற்றுமதி செய்கிறானோ அவனுக்கு அதிக எஃகு. அமெரிக்கக் கடனை அடைக்க டாலர் வேண்டும், டாலருக்குக் கார் கடல் கடக்க வேண்டும். உள்ளூர்க்காரர் கேட்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

முறை வந்தாலும் வரி காத்திருந்தது. 1940-இல் போர்ச் செலவுக்கென்று போட்ட கொள்முதல் வரி, போர் போன பிறகும் போகவில்லை. 1947-இல் ஆயிரம் பவுண்டுக்கு மேல் அடிப்படை விலையுள்ள கார்களுக்கு அது 66⅔ சதவீதமானது. 1951-இல் எல்லாக் கார்களுக்கும் அதே விகிதம் வந்தது. ஏற்றுமதியாகும் காருக்கு மட்டும் இந்த வரி கிடையாது.

இங்கேதான் கணக்குத் தெரிந்த யாரோ ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். லண்டனுக்கு வந்திருக்கும் அமெரிக்கப் பயணி, டாலர் கொடுத்து ஒரு ஜாகுவார் வாங்கி, இங்கேயே சில மாதம் ஓட்டிவிட்டுப் பிறகு கப்பலில் ஊருக்குக் கொண்டுபோனால் அது ஏற்றுமதி இல்லையா? ஏற்றுமதிதான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. ‘தனிநபர் ஏற்றுமதி’ என்ற பெயரில் அது ஒரு முறையாகவே நடந்தது: வரி கட்ட வேண்டாம், குறித்த கெடுவுக்குள் வண்டி நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும். வரிசையில் நின்றுகொண்டிருந்த ஆங்கிலேயருக்கு இதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராக இறக்கினார்கள். டாலர் வைத்திருப்பவருக்கு பிரிட்டிஷ் விலைப்பட்டியல் ராத்திரியோடு ராத்திரியாக 30 சதவீதம் இறங்கிவிட்டது.

வெளிநாட்டுக்குப் போய்த் தொழிற்சாலையில் கார் எடுத்து, ஊர் சுற்றிவிட்டு, கப்பலில் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆல்ப்ஸ் மலைப்பாதையையும் தேனிலவையும்தான் பேசுவார்கள். அதெல்லாம் விளம்பரத்தாள் சொன்ன கதை. இதைப் பெற்றவை வரியும் நாணய மாற்று விகிதமும்தான்.

ஜெர்மனியில் வேறொரு கூட்டம் தயாராக இருந்தது. அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் வோல்ஃப்ஸ்பர்க்கில் செய்த பீட்டில் கார்களை வாங்கி ஓட்டினார்கள். பணிக்காலம் முடிந்து திரும்பும்போது கையோடு கொண்டுபோனார்கள். ஒரு டாலருக்கு நான்கு மார்க்குக்கு மேல் கிடைத்த காலம் அது. ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து விலை கேட்டிருப்பார். இப்படி ஏற்றுமதிக்கென்று பதிவாகும் கார்களுக்கு மேற்கு ஜெர்மனி முட்டை வடிவத்தில் தனி நம்பர் பிளேட் கொடுத்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், இந்த வண்டி இங்கே விருந்தாளி என்று.

1952-இல் அட்லாண்டிக் விமானங்களில் சுற்றுலா வகுப்பு வந்தது. 1958 அக்டோபரில் பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குப் பறந்தது. இனி ஆசிரியரும் கணக்கரும்கூட ஐரோப்பா போகலாம். போனால் ஊர் சுற்ற வண்டி வேண்டும். வாடகைக்குக் கொடுக்கும் பணத்தைச் சொந்தக் காரில் போட்டால் என்ன? சுங்கமும் கண்டிப்பு காட்டவில்லை. நாடு திரும்பும் அமெரிக்கருக்கு அப்போது 500 டாலர் வரைக்கும் வரிவிலக்கு இருந்தது (1961-இல் கென்னடி அரசு அதை 100 டாலராக வெட்டியது). ஓட்டிய காருக்குத் தேய்மானம் கழித்து மதிப்புப் போட்டார்கள். ரோம் வரைக்கும் ஓட்டிய தூரம், நியூயார்க் துறைமுகத்தில் கட்டும் வரியைக் குறைத்தது!

இதை நிறைய கம்பெனிகள் செய்தன. விடாப்பிடியாகச் செய்தது ஸ்வீடனின் வோல்வோ. பயணிகளுக்கும் தூதரக அலுவலர்களுக்கும் விற்க அங்கே தனிப் பிரிவே இருந்தது. பிற்காலத்தில் கார் வாங்கும் அமெரிக்கருக்கு இரண்டு விமான டிக்கெட்டும், கோதன்பர்க்கில் ஒரு ராத்திரி ஓட்டல் அறையும் கம்பெனி செலவில் கிடைத்தன. 1967 செப்டம்பர் 3 வரை ஸ்வீடனில் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் ஸ்வீடன் கார்களில் பெரும்பாலும் ஸ்டியரிங்கும் இடப்பக்கம்தான். முதல் நாளே அங்கே லாரியை முந்த நினைத்த அமெரிக்கரை நினைத்தால் எனக்கே வியர்க்கிறது.

1968 இந்த வழக்கத்தைச் செதுக்கிய வருடம். அமெரிக்காவில் கார் பாதுகாப்பு விதிகளும் புகை விதிகளும் நடப்புக்கு வந்தன. ஐரோப்பாவுக்கென்று செய்த காரை வாங்கிக்கொண்டு போக இனி வழியில்லை. ஆகவே அமெரிக்க விளக்கு, மைல் கணக்கு மீட்டர் எல்லாம் பொருத்தி, அமெரிக்க விதிப்படியே செய்த கார் ஐரோப்பியத் தெருவில் ஓடியது. 1975 மாடல்களிலிருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் வந்ததும் புதுச் சிக்கல். ஈயம் கலந்த பெட்ரோல் அதைக் கெடுத்துவிடும். ஐரோப்பிய பங்க்குகளில் அன்று ஈயமில்லாத பெட்ரோல் கிடைக்காது. அதைக் கழற்றிவைத்துவிட்டு வெறும் குழாயோடு ஓட்டவிட்டு, ஊருக்கு வந்தபின் பொருத்திக் கொடுக்கும் ஏற்பாடு உருவானது. உலகத்தில் எந்தச் சுற்றுலாத் திட்டத்துக்கும் இத்தனை அடிக்குறிப்பு இருந்திருக்காது.

நடைமுறை என்னவோ எளிதுதான். சொந்த ஊர் டீலரிடமே கையெழுத்து, பணமும் அங்கேயே. விலையில் சில சதவீதம் தள்ளுபடி. தொழிற்சாலையில் சாவி, குறுகிய கால இன்சூரன்ஸ், கெடு தேதி அச்சிட்ட நம்பர் பிளேட். சுற்றி முடித்தபின் கப்பல் முகவரிடம் வண்டியை விட்டுவிட்டு விமானம் ஏறலாம். பிறகு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஏற்றுமுன் வண்டியின் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவியாக வேண்டும்: அயல்மண் ஒட்டியிருந்தால் அதோடு பூச்சியும் வரும் என்று அமெரிக்க விவசாயத் துறைக்குப் பயம். வாங்கிய பொருட்களைக் காருக்குள் அடைத்து அனுப்பாதீர்கள் என்று சுங்கத் துறை தனியாக எச்சரிக்கும். நம்மவர்களுக்கு இதில் ஆசை வந்தால் ஒரு வார்த்தை: இடப்பக்க ஸ்டியரிங் உள்ள புதுக் காரை இந்தியாவுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை, வலப்பக்கமே வாங்கினாலும் வரி காரின் விலையோடு போட்டி போடும்.

சடங்கு செழித்தது, காரணங்கள் மெலிந்த பிறகுதான். மார்க் வலுத்தது, அமெரிக்கக் கார் வரி 2.5 சதவீதத்துக்கு இறங்கியது. மிச்சமாகும் பணம் சுருங்கியது. சரியாக அந்தக் காலத்தில்தான் கம்பெனிகள் மண்டபம் கட்டின. 2000-இல் வோல்ஃப்ஸ்பர்க்கில் ஆட்டோஸ்டாட், 2007 அக்டோபரில் மியூனிக்கில் பிஎம்டபிள்யூ வெல்ட். வியன்னாவின் கூப் ஹிம்மெல்பிளாவ் நிறுவனம் வடிவமைத்த அந்த மியூனிக் கட்டிடத்தில், வாங்கியவர் படியிறங்கி வர, கீழே சுழல்மேடையில் விளக்கு வெளிச்சத்தில் கார் நிற்கும். பெண் பார்க்கும் சடங்குதான், ஆனால் பணம் முன்பே கட்டியாகிவிட்டது.

இதற்கிடையே அமெரிக்கர்களின் மனசு உயரமான எஸ்யூவி பக்கம் சாய்ந்தது. பிஎம்டபிள்யூவின் எக்ஸ்5 தயாராவது தெற்கு கரோலினாவின் ஸ்பார்டன்பர்கில். அங்கே 1994 முதல் அந்தக் கம்பெனிக்கு ஆலை இருக்கிறது. அதை மியூனிக்கில் போய் எடுப்பதென்றால் முதலில் கார் ஜெர்மனிக்குக் கப்பலேற வேண்டும். வோல்வோவும் 2018-இல் அதே மாநிலத்தில் கார் செய்யத் தொடங்கியது. அமெரிக்கர்களுக்கான ஐரோப்பிய ஒப்படைப்பை பிஎம்டபிள்யூ 2020-இல் நிறுத்திக்கொண்டது.