கட்டாயமும் நம்பிக்கையும்: மேகநோய் மருந்தகத்தின் வரலாறு

ஒரு நோய்க்கு மக்கள் இடும் பெயர், அந்நோயைப் பற்றி அவர்கள் கொண்ட எண்ணத்தையும் காட்டிவிடும். தமிழில் ‘பறங்கிப் புண்’ என வழங்கிய நோய் இதற்குத் தக்க சான்றாகும். ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய இந்நோய், 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கிய பின்னர் இந்தியக் கரைகளிலும் காணப்பட்டது. ஆதலின் பறங்கியர் கொணர்ந்த நோய் என நம் முன்னோர் கருதினர். அதற்கு மருந்தாகப் பயன்பட்ட கிழங்கும் ‘பறங்கிப்பட்டை’ எனப் பெயர் பெற்றது. இத்தாலியர் இதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரரோ நேப்பிள்ஸ் நோய் என்றனர். ஒவ்வொருவரும் பழியை அயலார்மீது சுமத்தினர். மலாய் மக்களின் பழைய வழக்கில் மேகநோய் ‘சாக்கிட் பெரெம்புவான்’, அதாவது பெண் நோய் எனப்பட்டது. ஈண்டுப் பழி பெண்மீது சுமத்தப்பட்டது.

சட்டமும் அவ்வழியே சென்றது

பிரிட்டனில் 1864இல் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. படைவீரரை மேகநோயினின்றும் காப்பதே அதன் நோக்கம். இந்தியாவில் 1868இலும், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றத்தில் 1870இலும் அத்தகைய சட்டங்கள் பிறந்தன. பரத்தையர் பதிவு செய்யப்பட்டு, குறித்த காலத்தில் சோதனைக்கு உள்ளாக்கப்பட்டனர். நோய் காணப்பட்டவர் மருத்துவமனையில் அடைக்கப்பட்டனர். அவர்களிடம் சென்ற ஆடவரைச் சட்டம் கேட்கவில்லை. பாதி நோயாளரை விட்டுவிட்டு நோயை ஒழிப்பது எங்ஙனம்? சோதனைக்கு அஞ்சிய பெண்கள் பதிவேட்டில் சிக்காது மறைந்தனர். ஜோசஃபின் பட்லர் அம்மையார் பிரிட்டனில் நடத்திய நீண்ட போராட்டத்தால் 1886இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இந்தியாவிலும் நீரிணைக் குடியேற்றத்திலும் 1888இல் அது முடிவுற்றது.

கட்டாயம் பயன்தராமை கண்ட பின்னரே வேறு நெறி பிறந்தது. 1916இல் பிரிட்டன், மேகநோய் மருத்துவம் யாவர்க்கும் இலவசமாகவும் மறைவாகவும் அளிக்கப்பட வேண்டும் என விதி செய்தது. நோயாளி தாமே விரும்பி வருதலே இந்நெறியின் அடிப்படை. மலாயாவிலும் இதன் செல்வாக்குப் படிப்படியாகப் பரவியது.

ஊசியும் பெரட்டும்

இதற்கிடையே அறிவியல் விரைந்து வளர்ந்தது. பறங்கிப் புண்ணை உண்டாக்கும் நுண்ணுயிர் 1905இல் கண்டறியப்பட்டது; 1906இல் வாசர்மன் இரத்தச் சோதனை வந்தது. ஏர்லிக்கும் ஜப்பானியரான ஹாத்தாவும் ஆராய்ந்து கண்ட ‘606’ என்னும் சால்வர்சான் 1910இல் மருந்தாக வெளிவந்தது. கோலாலம்பூரில் 1900இலேயே மருத்துவ ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டிருந்தது.

ஆயினும் மருந்து இருத்தல் வேறு. அது மனிதனைச் சேர்தல் வேறு. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவையும் இரயில் பாதை இணைத்தது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர் குடியிருப்பாயிற்று. கிள்ளானைச் சுற்றி இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அங்கு வந்த தமிழருள் பெரும்பாலோர் தனித்த ஆடவர். 1931ஆம் ஆண்டின் குடிக்கணக்கிலும் மலாயா இந்தியருள் பெண்களின் தொகை ஆண்களின் தொகையில் ஏறக்குறையப் பாதியே. குடும்ப வாழ்வுக்கு இடமளிக்காத ஆள்சேர்ப்பு முறை, மேகநோய்க்கு வழிசெய்தது எனலாம்.

சால்வர்சான் வகை ஊசியை வாரந்தோறும் இட வேண்டும். மருத்துவம் ஓராண்டுக்கு மேலும் நீளும். காலைப் பெரட்டில் பெயர் கொடாதவனுக்கு அன்றைய கூலி இல்லை. தோட்டத்து டிரெசரிடம் எவன் எதற்குச் சென்றான் என்பது மாலைக்குள் லயம் முழுவதும் பரவிவிடும். கூலியும் மானமும் ஒருங்கே போகும் எனில் யார் வருவர்? மேலும், இந்நோயின் முதற் புண் தானே ஆறிவிடும். நோயாளி குணமாயிற்று என நின்றுவிடுவான். நோயோ உள்ளே தங்கிப் பல ஆண்டுகளின் பின் இதயத்தையும் மூளையையும் தாக்கும். கருவிலுள்ள குழந்தையையும் பற்றும். இரத்தச் சோதனையின் இன்றியமையாமை இதனாற் புலப்படும்.

1943இல் அமெரிக்க மருத்துவர் மஹோனி பெனிசிலின் இந்நோயைத் தீர்ப்பதைக் காட்டினார். பின்னர் வந்த நீடித்த ஆற்றலுடைய பெனிசிலின், தொடக்கநிலை நோயை ஒரே முறை ஊசியிட்டுத் தீர்க்க வல்லது. ஓராண்டு அலைச்சல் ஒரு நாளாகச் சுருங்கியது.

1986ஆம் ஆண்டு

எச்.ஐ.வி. வந்தபோது பழைய அச்சம் மீண்டும் தலைதூக்கியது. மலேசியாவில் முதல் தொற்று அறியப்பட்ட 1986ஆம் ஆண்டிலேயே சென்னையிலும் அது கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பரத்தையரிடம் பெற்ற இரத்த மாதிரிகளுள் ஆறில் தொற்று இருந்தது. அப்பெண்கள் மருந்தகம் நாடி வந்தவர் அல்லர். காவல் இல்லத்தில் இருந்தவர். 1870இன் நிழல் அங்கும் படிந்திருந்தது. அதே சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய நிறுவனம், மக்கள் தாமே வந்து ஆலோசனையும் சோதனையும் பெறும் நெறியை வளர்த்தது.

மலேசியா 1998 முதல் அரசு மருந்தகங்களில் கருவுற்ற தாய்மார்க்கு எச்.ஐ.வி. சோதனையை விரிவாக்கியது. அதன் பயனை 2018இல் உலகம் கண்டது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் பறங்கிப் புண்ணும் பரவுவதை ஒழித்த நாடு என உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை ஏற்றது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இப்பேறு பெற்ற முதல் நாடு இதுவே. தொழுநோயாளர் 1930 முதல் ஒதுக்கி வைக்கப்பட்ட சுங்கை பூலோவில், இன்று நாட்டின் தலைசிறந்த தொற்றுநோய் மருத்துவமனை நிற்பதும் எண்ணத்தக்கது.

இன்று அரசு சுகாதார நிலையங்களில் குடிமக்கள் சிறு கட்டணத்தில் சோதனை பெறலாம். விரைவுச் சோதனையின் முடிவு சில நிமிடங்களில் தெரியும். தொற்றிய உடனே சோதனை அதைக் காட்டாது ஆதலின், சில வாரம் கழித்து மறுமுறையும் சோதிக்க வேண்டும். நோயின் குறி தோன்றட்டும் எனக் காத்திருத்தல் தவறு.

மேகநோய், பறங்கிப் புண் என்ற பெயர்கள் போய், இன்று ‘பால்வினை நோய்’ என்னும் சொல் வழக்கில் உள்ளது. அது அயலாரையும் பழிப்பதில்லை, பெண்ணையும் பழிப்பதில்லை, நோய் பரவும் வழியை மட்டும் கூறுகிறது. வளரும் மாணவர்க்கு அச்சொல்லை நாணமின்றி, ஏளனமுமின்றி விளக்குதல் ஆசிரியர் கடன். வகுப்பறையில் அச்சொல்லைக் கேட்டுச் சிரிக்கப் பழகியவன், பின்னாளில் மருந்தக வாயிலில் நின்று தயங்குவான்.