மண்டைக்குள் ஏறும் அழுத்தமும் பக்கத்தில் நின்றவர்களும்

தேரையர் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். தீராத தலைவலியோடு இருந்த ராஜாவின் மண்டையை அகத்தியர் திறந்து பார்த்தால், உள்ளே மூளை மேல் ஒரு தேரை உட்கார்ந்திருந்ததாம்! பிடித்து இழுத்தால் மூளை கிழியும், அப்படியே விட்டால் ராஜா பிழைக்க மாட்டார். அகத்தியரே கையைப் பிசைந்து கொண்டு நிற்க, பக்கத்தில் இருந்த ஊமைச் சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டு வந்து காட்டினான். தேரை தானாகவே தண்ணீரில் குதித்து விட்டது. சீடனுக்குத் தேரையர் என்று பெயர் வந்தது.

கதை நிஜமா என்று ஆராய வேண்டாம். மண்டையைத் திறந்தது குரு, காப்பாற்றியது பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்தவன். மெட்ராஸில் மூளை அறுவை சிகிச்சை வளர்ந்த கதையிலும் இப்படிப் பக்கத்தில் நின்றவர்கள் உண்டு. டாக்டர்களின் பெயர்கள் எல்லாம் பதிவாகி இருக்கின்றன. நர்ஸுகளின் பெயர்களைத் தேடினால் கிடைப்பது அபூர்வம்.

முதலில் இந்த அழுத்தம் என்றால் என்ன? மண்டை ஓடு ஒரு மூடிய பெட்டி. உள்ளே இருப்பது மூன்றே சரக்கு. மூளை ஏறக்குறைய 80 சதவீதம், ரத்தம் 10, மூளையைச் சுற்றி ஓடும் நீர் 10. காமர்ஸ் படிப்பவர்களுக்குச் சுலபமாகப் புரியும். மொத்தத் தொகை மாறாத ஒரு கணக்கு இது, ஒரு இனம் கூடினால் இன்னொன்று குறைந்தே ஆக வேண்டும். 1783-ல் எடின்பரோவின் அலெக்ஸாண்டர் மன்றோவும், 1824-ல் அவரிடம் படித்த ஜார்ஜ் கெல்லியும் சொன்னது இதைத்தான். அடிபட்டு ரத்தம் கட்டினாலோ, கட்டி வளர்ந்தாலோ, மூளை வீங்கினாலோ முதலில் நீரும் ரத்தமும் விலகி இடம் கொடுக்கும். விலக இடமில்லாத நிலை வந்ததும் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 5 முதல் 15 மி.மீ. பாதரசம் இருக்க வேண்டியது, 22-ஐத் தாண்டினால் உடனே இறக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் 2016 வழிகாட்டி. இறக்காவிட்டால் மூளைக்கு ரத்தம் போகாது. அதற்கு மேலும் ஏறினால் மூளையே கீழ்நோக்கிப் பிதுங்கும். பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை.

இந்தியாவில் இதற்கென்று தனித் துறை முதலில் வந்தது நம் பக்கத்தில்தான். மான்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் படித்து விட்டு வந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் ஆரம்பித்தார். அடுத்த வருடமே, 1950-ல், சென்னை ஜி.ஹெச்.சில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். சீர்காழியில் பிறந்தவர், இங்கிலாந்தின் நியூகாஸிலில் பயிற்சி பெற்றவர். 1951-ல் இந்த இருவரோடு பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தையும் தொடங்கினார்கள். ஆசியாவின் முதல் பெண் நியூரோ சர்ஜன்களில் ஒருவரான டாக்டர் டி.எஸ். கனகா உருவானதும் இதே ஜி.ஹெச்.சில்தான்.

அந்த 1950-ஐக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். சி.டி. ஸ்கேன் கிடையாது. அது முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்ததே 1971 அக்டோபரில், லண்டனில். அழுத்தத்தை இறக்கும் மானிடால் மருந்து புழக்கத்துக்கு வந்தது 60-களில். அழுத்தத்தை உள்ளேயே குழாய் வைத்துத் தொடர்ந்து அளக்கலாம் என்று ஸ்வீடனில் லுண்ட்பர்க் விரிவாக எழுதியது 1960-ல். எக்ஸ்ரே, கழுத்து ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் படம், மூளைக்குள் காற்றை ஏற்றி எடுக்கும் படம், இவ்வளவுதான் டாக்டரிடம் இருந்தவை. நோயாளிகளோ அடிபட்டவர்கள் மட்டுமில்லை. மூளையில் காசநோய்க் கட்டி அன்று நம் ஊரில் சர்வ சாதாரணம்.

அப்படியென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு அழுத்தம் ஏறுவதை எந்தக் கருவி காட்டியிருக்கும்? ஒரு டார்ச் லைட், ஒரு கைக்கடிகாரம், ஒரு ரத்த அழுத்தக் கருவி, ஒரு சார்ட். கண் பாவை இரண்டும் ஒரே அளவா, வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா? முன்பு கூப்பிட்டதும் திரும்பியவர் இப்போது கிள்ளினால்தான் திரும்புகிறாரா? ரத்த அழுத்தம் ஏறி, நாடி குறைந்து, மூச்சு தாறுமாறானால் நிலைமை மோசம் என்பது ஹார்வி குஷிங் 1900-களின் தொடக்கத்தில் விளக்கியது. ஆனால் அது மிகத் தாமதமாக வரும் அறிகுறி. அதற்கு முன்பே வரும் லேசான தூக்கக் கலக்கத்தையும், காரணமில்லாத எரிச்சலையும் கண்டுபிடிக்க, பக்கத்திலேயே இருப்பவரால்தான் முடியும்.

இந்தப் "பார்த்தல்" ஆளுக்கு ஆள் மாறியதுதான் பிரச்சினை. ஒருவர் "அரை மயக்கம்" என்று எழுதுவார், அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் "மந்தம்" என்று எழுதுவார். இரண்டும் ஒன்றா, நிலைமை இறங்கிவிட்டதா? 1974-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த டீஸ்டேலும் ஜென்னட்டும் இதற்கு ஒரு அளவுகோல் கொண்டு வந்தார்கள். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றுக்கும் மார்க். இன்றைய வடிவில் குறைந்தபட்சம் 3, அதிகபட்சம் 15. ஜூனியர் டாக்டரும் நர்ஸும் ஒரே மாதிரி மார்க் போட வேண்டும் என்பதே அதன் நோக்கம். எளிமைதான், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. "இது எந்த ஊரு? என்ன மாசம்?" என்று தமிழில் கேட்டால், தெலுங்கோ இந்தியோ மட்டும் தெரிந்தவர் விழிப்பார். மார்க் குறையும், மூளையோ நன்றாகவே இருக்கும்! சென்னை போன்ற ஊரில் இதை ஒரு நல்ல நர்ஸ் முதலில் யோசிப்பார்.

நர்ஸின் வேலை பார்ப்பதோடு நிற்பதில்லை, அவர் கையே அழுத்தத்தை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும். இதை அளந்து காட்டியவர் அமெரிக்க நர்ஸ் பமேலா மிட்செல். 1978-ல் வந்த அவரது ஆய்வில், நோயாளியைப் புரட்டுவது போன்ற அன்றாடக் காரியங்களே மண்டைக்குள் மாற்றம் உண்டாக்குவது தெரிந்தது. சுத்தம் செய்வது, புரட்டுவது, சளி உறிஞ்சுவது எல்லாவற்றையும் "ஒரே மூச்சில் முடித்து விடலாம்" என்று அடுத்தடுத்துச் செய்தால், அழுத்தம் இறங்க நேரமில்லாமல் மேலே மேலே ஏறலாம். நல்ல எண்ணத்தோடு செய்யும் வேகமே ஆபத்து!

தலைமாட்டைச் சுமார் 30 டிகிரி உயர்த்துவதற்கும் கழுத்தை நேராக வைப்பதற்கும் காரணம் ஒன்றுதான். தலையிலிருந்து ரத்தம் கீழே இறங்கும் வழி அடைபடக் கூடாது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தாலும், குழாயைக் கட்டும் நாடா இறுக்கினாலும் அந்தக் கணக்கு தப்பும். சளி உறிஞ்சும் குழாய் 10, 15 விநாடிக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது, அதற்கு முன் ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும். மலச்சிக்கலில் முக்கினால்கூட அழுத்தம் ஏறும் என்பதால் அதற்கும் மருந்து. ஏ.சி. அறையில் மானிடால் பாட்டிலுக்குள் பளபளவென்று படிகம் கட்டியிருந்தால், வெந்நீரில் வைத்துக் கரைத்து ஆறிய பிறகுதான் ஏற்ற வேண்டும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கட்டிலருகே நின்று சத்தமாக அழாமல் பார்த்துக் கொள்வதும் இந்தப் பட்டியலில் உண்டு. சொல்வது சுலபம், நம் ஊரில் செய்வது கஷ்டம்.

வைத்தியமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வேகமாக மூச்சுக் கொடுத்து அழுத்தத்தைக் குறைப்பது ஒரு காலத்தில் வழக்கம். அதனால் மூளைக்கு ரத்தம் குறைகிறது என்று தெரிந்ததும் கட்டுப்படுத்தி விட்டார்கள். தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பத்தாயிரம் பேரை வைத்து நடந்த கிராஷ் ஆய்வு, அதனால் சாவு அதிகமாகிறது என்று 2004-ல் காட்டியதும் நிறுத்தினார்கள். டார்ச்சும் சார்ட்டும் மட்டும் போகவில்லை. 2012-ல் பொலிவியா, ஈக்வடார் நாடுகளில் 324 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு இன்னும் ஆச்சரியம். அழுத்தத்தைக் கருவியால் அளந்து வைத்தியம் செய்த குழுவுக்கும், நேரடிப் பரிசோதனையையும் சி.டி.யையும் வைத்தே செய்த குழுவுக்கும் ஆறு மாதம் கழித்துப் பெரிய வித்தியாசமில்லை. கருவி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டு குழுவுமே ஐ.சி.யூ.வில் நெருக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

திருவான்மியூர்வாசிகளுக்கு இந்த வரலாற்றின் ஒரு துண்டு பக்கத்திலேயே இருக்கிறது. தரமணி வி.ஹெச்.எஸ். மருத்துவமனை, டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் ஆரம்பித்த அமைப்பு. குடும்பத்தின் வருமானத்துக்கு ஏற்றபடி சந்தா வாங்கி வைத்தியம் பார்த்த திட்டம் அங்கே இருந்தது. அங்குள்ள நியூரோ சர்ஜரி மையத்தையும் ராமமூர்த்திதான் வளர்த்தார். மையத்தின் பெயர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி. அவர் ஆயுர்வேதத்துக்காகப் பாடுபட்டவர்! எழும்பூரில் ருக்மிணி லட்சுமிபதி சாலை என்று ஒன்று இருக்கிறதே, அவர் இவருடைய மனைவி, 1946-47-ல் மெட்ராஸ் மாகாணத்தின் சுகாதார அமைச்சர்.

மணிக்கொரு தரம் பாவையைப் பார்க்க ஆள் வேண்டும், அங்கேதான் கணக்கு இடிக்கிறது. 2015-ல் தமிழக அரசு தேர்வு வைத்து எடுத்த நர்ஸுகளுக்குக் கொடுத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சு நடக்கவில்லை என்று 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நீதிமன்றம் தலையிட்டுத்தான் வேலைக்குத் திரும்பினார்கள். 7,700-ஐ முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு 257 ரூபாய்கூட முழுசாக வராது.