வட்டமேசையும் மூவகை அளவையும்

பழம்பொருளொன்றின் காலத்தைத் துணியப் புகுவார்க்குக் காட்சி, கருதல், உரை என்னும் மூவகை அளவையும் வேண்டப்படுவனவாம். அவற்றுள் ஒன்றனையே பற்றி ஏனையவற்றை நெகிழவிடின் துணிபு பிழைபடும். இதற்கு இங்கிலாந்து தேயத்து வின்செஸ்டர் நகரிலுள்ள வட்டமேசை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அந்நகரக் கோட்டையில் 3ஆம் ஹென்றி மன்னன் 1222 முதல் 1235 வரை கட்டுவித்த பெருமண்டபம் இன்றும் நிலைபெற்றுள்ளது. அதன் சுவரின்கண், ஓக் என்னும் வன்மரத்தாலியன்ற பெருவட்டம் ஒன்று தூக்கப்பட்டிருக்கின்றது. அதன் குறுக்களவு 18 அடி. எடை ஏறத்தாழ 1,200 கிலோகிராம். அதன் நடுவண் செந்நிறமும் வெண்ணிறமும் விரவிய ரோசாமலரும், மேற்புறத்தே வீற்றிருக்கும் அரசனுருவமும், விளிம்பினைச் சூழ 24 வீரர்தம் பெயர்களும் தீட்டப்பட்டுள. அவ்வரசன் ஆர்தர் என்பதும், முன்பின் என்னும் வேற்றுமையின்றி அவன் தன் வீரரோடு சூழ்ந்தமர்ந்த மேசை இதுவே என்பதும் அந்நாட்டார் வழிவழியாகக் கூறிவந்த உரையாம். மாலரி என்பார் இயற்றிய ஆர்தர் கதையை 1485ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் அச்சிட்டு முடித்த காக்ஸ்டன், ஆர்தர் மெய்யாகவே வாழ்ந்தவன் என்பதற்குத் தம் முன்னுரையிற் காட்டிய சான்றுகளுள் இம்மேசையும் ஒன்று.

இனி அவ்வுரையை ஆராய்வாம். ஆர்தர் வாழ்ந்ததாகக் கூறப்படுவது கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளில். ஏறத்தாழ 1136இல் அவன் வரலாற்றை விரித்தெழுதிய மான்மத் ஊரினராகிய ஜெப்ரி வட்டமேசையைப் பற்றி யாதும் கூறிற்றிலர். 1155இல் வேஸ் என்பார் பிரெஞ்சு மொழியில் முடித்த நூலிலேதான் அது முதற்கண் வெளிப்படுகின்றது. ஆகவே, அறுநூறு ஆண்டு கடந்து தோன்றிய செய்தியொன்றே இவ்வுரைக்கு வேராதல் காண்க.

ஓவியம் கூறுவது யாதோவெனின், செம்மையும் வெண்மையும் கூடிய அம்மலர் டியூடர் மரபினரது இலச்சினை. அம்மரபு அரசெய்தியது 1485ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாட் போரில். ஆதலின் ஓவியம் அதற்கு முற்பட்டதாகாது. அஃது 8ஆம் ஹென்றி காலத்துத் தீட்டப்பட்டதென ஆராய்ச்சியாளர் துணிந்தனர். 1522இல் தன் விருந்தினனாய் வந்த பேரரசன் 5ஆம் சார்லசுக்கு அவன் இம்மேசையைக் காட்டினான். 1789இல் அவ்வோவியம் மீண்டும் தீட்டப்பட்டது. எக்ஸ்-கதிர் கொண்டு நோக்கியவிடத்து, மேற்பூச்சின்கீழ் ஆர்தர் முகமாக இருந்தது 8ஆம் ஹென்றியின் முகச்சாயலே எனப் புலப்பட்டது. தன் அரசுக்குப் பழம்பெருமை தேடினானொருவன் பழம்பொருளின்மேல் தன்னையே எழுதுவித்தவாறு இது.

அற்றேல், ஓவியம் பிற்பட்டதாகவே மேசையும் பிற்பட்டதாம் பிறவெனின், ஆகாது. காக்ஸ்டன் நூலை அச்சிட்டு முடித்தது டியூடர் அரசு தோன்றுதற்கு மூன்று கிழமை முன்னரன்றோ? ஓவியத்திற்கு முன்னரே மேசை உண்டென்பது அவருரையானே பெறப்படும்.

1976இல் அறிஞர் மார்ட்டின் பிடில் தலைமையிற் கூடிய ஆராய்ச்சியாளர் மேசையைச் சுவரினின்றும் இறக்கி, அதன் பின்புறத்தை நோக்கினர். ஆண்டு விளிம்பையொட்டிப் பன்னிரண்டு கால்கள் பொருத்திய துளைகளும், நடுவே தாங்குகாலொன்று நின்றதற்கு அடையாளமும் காணப்பட்டன. எனவே, சுவரில் தூங்கும் இது முன்னொருகால் கால்களூன்றித் தரையில் நின்ற மேசையே என்பதும், பின்னர்க் கால்கள் களையப்பட்டன என்பதும் தெளிவாயின.

இனி மரமே தன் அகவையைக் கூறும் முறை வருமாறு: மழை மிக்க ஆண்டில் மரத்தின் வளையம் அகன்றும், வறண்ட ஆண்டில் ஒடுங்கியும் வளரும். இவ்வரிசையைக் காலம் அறியப்பட்ட பிற மரங்களின் வரிசையோடு பொருத்தி நோக்கின், அம்மரம் வளர்ந்த ஆண்டுகள் புலப்படும். தச்சர் புறமரத்தைச் செதுக்கிவிடின், இழந்த வளையங்களுக்கும் இடம் விட்டே கணக்கிடல் வேண்டும். இவ்வாறு கணித்து, மரத்திலுள்ள கதிரியக்கக் கரியையும் அளந்து, தச்சுமுறையையும் ஒப்பிட்டு, மேசை 1250க்கும் 1280க்கும் இடைப்பட்ட காலத்து மரங்கொண்டு இயற்றப்பட்டதென முடிவு கண்டனர். ஆர்தர் கதையிற் பெரிதும் ஈடுபட்ட 1ஆம் எட்வர்டு, தன் மக்களின் திருமணத்தையொட்டி 1290இல் வின்செஸ்டரில் நிகழ்த்திய போர்விளையாட்டு விழாவிற்கென இஃது அமைக்கப்பட்டிருக்கலாம் என்பது பிடில் கருத்து.

இதனாற் போந்தது யாது? ஆர்தர் மேசை என்ற உரை நிலைபெறாதாயிற்று. ஆயினும் மேசை இழிவுற்றதில்லை. எட்வர்டின் ஆர்வத்திற்கு மரமும், ஹென்றியின் வேட்கைக்கு ஓவியமும், அதனைக் கால்களைந்து தூக்கினார் போற்றுதற்குச் சுவரும் இன்றும் சான்று பகர்கின்றன. பிற்காலத்தார் செய்த மாற்றத்தைப் பொய்யெனத் தள்ளாது, அஃது எக்காலத்து எவர் செய்ததென வேறுபிரித்து அறிதலே மெய்ந்நாடுவார்க்குக் கடனாம். பழமையைப் போற்றுதல் நன்று. அதனை உள்ளவாறு அறிந்து போற்றுதல் அதனினும் நன்று.