பிழைதிருத்தத்துக்கு விலை உண்டா?



நான் தலைமையாசிரியராக இருந்தபோது, ஓராண்டு எங்கள் பள்ளிக்கு வந்த கணக்குப் புத்தகத்தில் சில விடைகள் தவறாக அச்சாகியிருந்தன. பதிப்பகத்தார் பிழைதிருத்தத் தாளை அச்சிட்டு விலையின்றி அனுப்பினர். பின்னர்ப் புதிய பாடங்களைச் சேர்த்து மறுபதிப்பு வெளியிட்டனர். அதை நாங்கள் விலை கொடுத்தே வாங்கினோம். இரண்டையும் முறையென்றே கருதினோம். கணிப்பொறிக்குரிய மென்பொருளிலும் இவ்வழக்கே உண்டு. அதன் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

தொடக்கத்தில் மென்பொருளுக்குத் தனி விலை இல்லை. ஐ.பி.எம். நிறுவனம் பொறியோடு நிரல்களையும் பொறியாளர் உதவியையும் சேர்த்தே அளித்து வந்தது. 1969 ஜூன் 23ஆம் நாள், அவற்றுட் பலவற்றுக்குத் தனியே விலை பெறப்போவதாக அறிவித்தது. மென்பொருள் தனிச் சரக்காயிற்று. சரக்கென்று ஆனபின், அதிலுள்ள குறைக்குப் பொறுப்பாளி யார் என்னும் வினாவும் எழுந்தது.

கணிப்பொறியின் உறுப்பொன்றிலேயே பிழை நேர்ந்த கதையைக் கேளுங்கள். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.3338 வரவேண்டும். இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சில்லோ 1.3337 என்றது! 1994இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி இக்குறையை வெளிப்படுத்தினார். மிகத் தேவைப்படுவோர்க்கே மாற்றித் தருவோம் என்றது நிறுவனம். கண்டனம் வலுக்கவே, டிசம்பர் 20ஆம் நாள், கேட்போர் அனைவர்க்கும் விலையின்றி மாற்றித்தர இசைந்தது. அதற்கு ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

ஆயின், எத்தனை ஆண்டுகள் திருத்திக்கொண்டேயிருப்பது? 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு இலவசத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு நிறுத்தியது. பிரிட்டிஷ் அரசு மேலும் ஓராண்டுக்கு ஏறக்குறைய 55 லட்சம் பவுன் செலுத்தியது. 2017 மே 12ஆம் நாள் வான்னாக்ரை என்னும் தீநிரல் பரவியது. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் தடுமாறின. கட்டணம் செலுத்தியவர்க்கே அதுவரை கிடைத்த எக்ஸ்பி திருத்தத்தை, நிறுவனம் மறுநாள் அனைவர்க்கும் விலையின்றி வழங்கியது. புதிய பதிப்புகளுக்கோ மார்ச் மாதமே இலவசத் திருத்தம் வந்திருந்தது. அதைப் பொருத்தாதிருந்தோர் பலர். ஆகவே வாங்கியவர்க்கும் கடமை உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் வகுத்த விதிகள் 2022 முதல் நடைமுறைக்கு வந்தன. பொருளைக் குறையின்றி வைத்திருக்கத் தேவையான திருத்தங்களை, நுகர்வோர் நியாயமாக எதிர்பார்க்கத்தக்க காலம் வரை அளிக்கவேண்டும் என்பது அவற்றின் கருத்து.

என் முடிவும் இதுவே. புதிய வசதிக்கு விலை கேட்பது உழைப்பின் உரிமை. தாம் விட்ட பிழைக்கு விலை கேட்பது முறையன்று. திருத்தம் எதுவரை கிடைக்கும் என்பதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். உங்களுள் சிலர் நாளை நிரல் எழுதுவீர்கள். அன்று அந்தப் பிழைதிருத்தத் தாளை நினைவிற் கொள்ளுங்கள்.