மருத்துவ ஆக்சிசன்

மருத்துவ ஆக்சிசன் என்பது நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுப்பதற்கென்று தூய்மைப்படுத்தி, சோதித்து, தனிக் கலன்களில் அடைத்து வழங்கப்படும் ஆக்சிசன் வளிமம் ஆகும். ஆக்சிசன் தமிழில் உயிர்வளி, பிராணவாயு என்றும், இலங்கை வழக்கில் ஒட்சிசன் என்றும் அழைக்கப்படுகிறது. குருதியில் ஆக்சிசன் அளவு குறைந்தவர்களுக்கும், மயக்க மருந்து கொடுக்கப்படுபவர்களுக்கும், குறைமாதக் குழந்தைகளுக்கும் இது இன்றியமையாததாகும். உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார மன்றம், மருத்துவ ஆக்சிசன் அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது.

உடலில் ஆக்சிசனின் பங்கு

நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிசன் உள்ளது. நுரையீரலில் உள்ள நுண்ணறைகளின் மெல்லிய சுவர் வழியாக இது குருதிக்குள் செல்கிறது. அங்கு செங்குருதி அணுக்களில் உள்ள ஈமோகுளோபின் இதனைப் பிணைத்துக்கொள்கிறது. ஒரு கிராம் ஈமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிசனைச் சுமக்கும். ஆகவே நலமான ஒருவரின் 100 மில்லிலிட்டர் குருதியில் சுமார் 20 மில்லிலிட்டர் ஆக்சிசன் இருக்கும். இதில் குருதி நீரில் நேரடியாகக் கரைந்திருப்பது 0.3 மில்லிலிட்டர் மட்டுமே.

உயிரணுக்களில் உள்ள இழைமணிகள் ஆக்சிசனைப் பயன்படுத்தி உணவிலிருந்து ஆற்றலை உருவாக்குகின்றன. ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு நிமிடத்திற்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிசன் தேவைப்படுகிறது. உடல் ஆக்சிசனை அதிகமாகச் சேமித்து வைப்பதில்லை. அதனால் ஆக்சிசன் முற்றிலும் நின்றுவிட்டால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்குகிறது.

ஆக்சிசன் குறைவதை உயிரணுக்கள் எவ்வாறு உணர்ந்து தம்மை மாற்றிக்கொள்கின்றன என்பதைக் கண்டறிந்தமைக்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகியோருக்கு 2019 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காயம் ஆறுதல்

காயம் ஆறுவதற்கு ஆக்சிசன் மூன்று வழிகளில் உதவுகிறது.

1. வெள்ளையணுக்கள் ஆக்சிசனைக் கொண்டே நுண்ணுயிர்களைக் கொல்லும் வேதிப்பொருட்களை உருவாக்குகின்றன.
2. தோலுக்கும் தசைக்கும் வலிமை தரும் கொலாசன் இழைகள் உறுதியாவதற்கு ஆக்சிசன் தேவை.
3. புதிய தோலணுக்கள் பெருகி இடத்தை நிரப்புவதற்கு வேண்டிய ஆற்றல் ஆக்சிசனால் கிடைக்கிறது.

நீரிழிவு நோயாளிகளின் காலில் குருதி ஓட்டம் குறைவதே அங்குள்ள புண்கள் எளிதில் ஆறாததற்கு ஒரு முக்கியக் காரணமாகும். இத்தகைய புண்களில் சிலவற்றுக்கு உயரழுத்த ஆக்சிசன் மருத்துவம் அளிக்கப்படுகிறது. இம்முறையில் நோயாளி ஒரு மூடிய அறைக்குள் 2 முதல் 3 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிசனைச் சுவாசிப்பார். ஆழ்கடல் மூழ்குவோருக்கு ஏற்படும் அழுத்த நோய், கார்பன் மோனாக்சைடு நச்சு ஆகியவற்றுக்கும் இது பயன்படுகிறது.

வரலாறு

கார்ல் சீலே, ஜோசப் பிரீஸ்ட்லி ஆகியோர் 1770களில் தனித்தனியே ஆக்சிசனைப் பிரித்தெடுத்தனர். அதற்குப் பெயரிட்டு, எரிதலிலும் சுவாசத்திலும் அதன் பங்கை விளக்கியவர் பிரெஞ்சு அறிவியலாளர் லவாய்சியர் ஆவார். முதல் உலகப் போரில் நச்சு வளிமத் தாக்குதலுக்கு உள்ளான வீரர்களின் மருத்துவத்தையொட்டி, ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆக்சிசனை அளவறிந்து கொடுக்கும் முறையை வகுத்தார். விரல் நுனியில் மாட்டி ஆக்சிசன் அளவை அறியும் கருவியின் அடிப்படைத் தத்துவத்தைச் சப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1970களில் கண்டறிந்தார்.

தயாரிப்பும் சேமிப்பும்

பெருமளவு ஆக்சிசன், காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கி, பின்னர் பின்னக் காய்ச்சி வடித்தல் முறையில் பிரிக்கப்படுகிறது. திரவ ஆக்சிசனின் கொதிநிலை -183 பாகை செல்சியசு ஆகும். இது வெப்பம் புகாத தாங்கி லாரிகளில் கொண்டுசெல்லப்பட்டு, மருத்துவமனை வளாகத்தில் உள்ள பெரிய தொட்டியில் நிரப்பப்படுகிறது. தொட்டியிலிருந்து வளிமமாக மாறிக் குழாய் வழியே படுக்கைகளுக்குச் செல்கிறது. சிறிய மருத்துவமனைகள் உருளைகளையே நம்பியுள்ளன. காற்றிலுள்ள நைட்ரசனைச் சியோலைட்டு கொண்டு ஈர்த்து ஆக்சிசனைச் செறிவூட்டும் கருவிகளும் உள்ளன. இவை தரும் ஆக்சிசனின் தூய்மை சுமார் 93 விழுக்காடு ஆகும்.

தேவையை ஓர் எளிய கணக்கால் புரிந்துகொள்ளலாம். பெரிய உருளை ஒன்றில் சுமார் 7,000 லிட்டர் வளிமம் இருக்கும். நிமிடத்திற்கு 10 லிட்டர் தேவைப்படும் ஒருவருக்கு இது 12 மணி நேரத்திற்கும் குறைவாகவே வரும். ஒரு டன் திரவ ஆக்சிசன் ஏறத்தாழ 750 கன மீட்டர் வளிமத்தைத் தரும். இது அத்தகைய நோயாளிகள் சுமார் 50 பேருக்கு ஒரு நாளைக்குப் போதுமானது. மூக்கு வழியாக நிமிடத்திற்கு 60 லிட்டர் வரை செலுத்தும் கருவிகளைப் பயன்படுத்தினால் தேவை பன்மடங்காகும்.

பற்றவைப்புப் பட்டறைகளில் பயன்படும் ஆக்சிசனும் பெரும்பாலும் இதே முறையில் பிரிக்கப்படுவதே ஆகும். உருளையின் தூய்மை, சோதனை, பதிவேடு ஆகியவற்றிலேயே இரண்டும் வேறுபடுகின்றன. இந்தியாவில் மருத்துவ உருளை கருப்பு உடலும் வெள்ளைத் தோளும் கொண்டதாக இருப்பது வழக்கம்.

வடசென்னையும் 2021 ஆம் ஆண்டுத் தட்டுப்பாடும்

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர் ஆகிய பகுதிகள் துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த நெருக்கமான குடியிருப்புகள் ஆகும். அருகிலுள்ள மணலி தொழிற்பகுதி 2009 இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தால் மிகக் கடுமையாக மாசடைந்த பகுதிகளுள் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டது. மாசடைந்த காற்றிலும் ஆக்சிசன் விழுக்காடு ஏறக்குறைய மாறுவதில்லை. ஆனால் நுண்துகள்கள் நுரையீரலை நாட்பட அழற்சியுறச் செய்வதால் அது ஆக்சிசனை உள்வாங்கும் திறன் குறைகிறது. இப்பகுதி மக்கள் பெரிதும் நாடும் அரசு மருத்துவமனை, பழைய சிறைச்சாலை சாலையில் உள்ள ஸ்டான்லி மருத்துவமனை ஆகும்.

2021 இல் கோவிட்-19 இரண்டாம் அலையின்போது தமிழ்நாட்டில் ஆக்சிசன் தேவை பெருகியது. ஏப்பிரல் 22 முதல், சில தொழில்கள் நீங்கலாக, தொழிற்சாலைகளுக்கு ஆக்சிசன் வழங்குவதை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. திருப்பெரும்புதூரில் உற்பத்தியாகும் ஆக்சிசனில் ஒரு பகுதியை அண்டை மாநிலங்களுக்கு ஒதுக்கியதற்கு மாநில அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. 2018 முதல் மூடப்பட்டிருந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் ஆக்சிசன் மட்டும் தயாரிக்க உச்ச நீதிமன்றம் ஏப்பிரல் 27 அன்று அனுமதி அளித்தது.

மே 4 ஆம் நாள் இரவில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 13 நோயாளிகள் இறந்தனர். ஆக்சிசன் குறைவே காரணம் என்று உறவினர்கள் குற்றஞ்சாட்டினர். தட்டுப்பாடு இருக்கவில்லை என்று அதிகாரிகள் மறுத்தனர். இதன் பின்னர் தமிழ்நாட்டுக்கான நாளொன்றின் ஒதுக்கீடு 220 டன்னிலிருந்து 419 டன்னாக உயர்த்தப்பட்டது.

மே 14 அன்று மேற்கு வங்கத்தின் துர்க்காப்பூரிலிருந்து ஏறத்தாழ 80 டன் திரவ ஆக்சிசனுடன் தமிழ்நாட்டுக்கான முதல் ஆக்சிசன் விரைவுத் தொடர்வண்டி வந்தது. அது வந்து சேர்ந்த இடம் வியாசர்பாடிக்கு அருகிலுள்ள தண்டையார்பேட்டை சரக்குப் பெட்டக முனையம் ஆகும். மேற்கண்ட கணக்கின்படி, அந்த ஒரு வண்டி சுமார் 4,000 பேருக்கு ஒரு நாளைய மூச்சைக் கொண்டு வந்தது எனலாம்.

கொடுக்கும் அளவும் தீய விளைவுகளும்

நலமானவர்களின் ஆக்சிசன் செறிவு பொதுவாக 95 விழுக்காட்டிற்கு மேல் இருக்கும். மருத்துவமனையில் பெரும்பாலான நோயாளிகளுக்கு 94 முதல் 98 விழுக்காடு இலக்காகக் கொள்ளப்படுகிறது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களில் கார்பன் டை ஆக்சைடு குருதியில் தேங்கும் அபாயம் இருப்பதால் 88 முதல் 92 விழுக்காடு போதுமானதாகக் கருதப்படுகிறது.

விரல் நுனிக் கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பலாகாது. குருதிச்சோகை உள்ளவரின் செறிவு 98 விழுக்காடாக இருந்தாலும், ஈமோகுளோபின் குறைவாக இருப்பதால் உடலுக்குச் செல்லும் ஆக்சிசன் குறைவே. கார்பன் மோனாக்சைடு நச்சு ஏற்பட்டவரிடமும் இக்கருவி வழமையான அளவையே காட்டக்கூடும்.

ஆக்சிசன் மிகுந்தாலும் தீங்கு உண்டு. அதிகச் செறிவில் நெடுநேரம் சுவாசித்தால் நுரையீரல் அழற்சி ஏற்படும். குறைமாதக் குழந்தைகளுக்கு அளவுக்கு மீறிக் கொடுத்தால் விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வை இழப்பும் நேரலாம். ஆக்சிசன் எரியாது, ஆனால் பிற பொருட்களை வேகமாக எரியச் செய்யும். எனவே உருளையின் அருகில் புகைபிடித்தலும், அதன் திருகிகளில் எண்ணெய் இடுதலும் கூடாது.

தவறான நம்பிக்கைகள்

2021 இல் கற்பூரமும் கிராம்பும் கட்டி முகர்ந்தால் ஆக்சிசன் அளவு உயரும் என்ற செய்தி பரவியது. இதற்கு அறிவியல் சான்று இல்லை. கற்பூரம் குழந்தைகளுக்கு நச்சாகவும் அமையும். மாறாக, குப்புறப் படுப்பதால் நுரையீரலின் பின்பகுதி நன்கு விரிந்து பல நோயாளிகளுக்கு ஆக்சிசன் செறிவு உயர்வது அறியப்பட்டுள்ளது. எனினும் மூச்சுத்திணறல் உள்ளவர் இதனைச் செய்துகொண்டு மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

இவற்றையும் பார்க்க

ஆக்சிசன்
ஈமோகுளோபின்
நுரையீரல்
காற்று மாசடைதல்
ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி