முசலியிலிருந்து எவ்வளவு தூரம்?

எங்கட முசலிப் பொடியன் ஒருவன் கட்டுநாயக்கவில் விமானம் ஏறினால் ஏறத்தாழ ஐந்து மணித்தியாலத்தில் டோஹாவில் இறங்கிவிடுகிறான். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையில் நேர்கோட்டில் சுமார் 3,600 கிலோமீற்றர். அதே பொடியன் புத்தளத்திலிருந்து மறிச்சுக்கட்டிக்கு வர அரைநாள் போய்விடும். நேர்கோட்டில் பார்த்தால் அது 60 கிலோமீற்றர் அளவுதான். இந்தக் கணக்கை விளங்க வேண்டுமென்றால் நம் கரையின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

வளைகுடாப் பயணம் ஒருகாலத்தில் எதிர்த்திசையில் நடந்தது. வாடைக்காற்று அடங்கி, சோளகம் தொடங்குவதற்கு முந்திய அமைதிக் கடலில்தான் இங்கே முத்துக்குளிப்பு. 1905இல் மறிச்சுக்கட்டியில் நடந்த பெருங்குளிப்புக்குக் கீழக்கரையாரோடு பாரசீக வளைகுடாவின் அரபிகளும் மூழ்க வந்தார்கள். பல்லாயிரம் பேர் கூடிய தற்காலிகப் பட்டணம் ஒன்று அந்த மணலில் எழும்பியது. பாய்க்கப்பல் காலத்தில் இத்தகைய பயணத்துக்குக் கிழமைகள் பிடிக்கும். காற்றுக்குக் காத்திருந்த நாட்களையும் அதோடு கூட்ட வேண்டும். பிறகு ஜப்பானின் வளர்ப்பு முத்து வளைகுடாவின் முத்துத் தொழிலை முடக்கியது, எண்ணெய் அந்த நாடுகளை உயர்த்தியது. இப்போது பிழைப்புத் தேடிப் போகிறவர்கள் நாங்கள்.

காற்றும் இயந்திரமும் மட்டும் பயண நேரத்தைத் தீர்மானிப்பதில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் தோணிகளில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சில நாள் தவணையில் விட்டுப்போன ஊருக்குத் திரும்ப, போர் முடிந்த 2009 வரை பெரும்பாலானோர் காத்திருக்க வேண்டியிருந்தது. புத்தளத்துக்கும் முசலிக்கும் நடுவில் பத்தொன்பது வருடங்கள் கிடந்தன.

போர் ஓய்ந்த பிறகும் பாதை நேராகவில்லை. எலுவன்குளம் வழியான பழைய தெரு வில்பத்துத் தேசிய வனத்துக்குள்ளால் போகிறது. அதைத் திறப்பதற்கு எதிராகச் சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. காட்டுக்கும் உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தெருவை நம்பிப் பயணம் கிளம்ப முடியாதவர்கள் அனுராதபுரம், மதவாச்சி, முருங்கன் என்று மும்மடங்கு சுற்றித்தான் வர வேண்டும். 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தலன்று, வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வந்த பஸ்கள் தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூட்டுக்கும் கல்லெறிக்கும் உள்ளாயின. பிறந்த ஊரில் வாக்களிப்பதற்கு அந்த மக்கள் வர வேண்டியிருந்த வழி அது.

விமானப் பயண நேரம் கால அட்டவணையில் அச்சாகிறது. எங்கட பயணங்களை அப்படி யாரும் அச்சிடவில்லை. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள்: எந்த நாள் வெளிக்கிட்டீர்கள், எந்தத் துறையில் ஏறினீர்கள், எத்தனை இரவு கடலில், எந்த வருடம் திரும்பினீர்கள்? அவர்கள் மௌத்தாகுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. முசலியின் வரலாற்றை எழுதப் போகிறவருக்கு அந்தத் திகதிகள் வேண்டும்.