இறைவனின் ஏட்டில் பிழையில்லை; நம் ஏட்டில் உண்டு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின், நம் காரைக்காலைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் பேரனுடன் மதரஸாவுக்கு வந்தார். பேரனின் கையில் துருவேறிய தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அதனுள் பிரெஞ்சு மொழியில் அச்சிட்ட சில தாள்களும் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படமும் இருந்தன. படத்தில் இராணுவ உடையணிந்த இளைஞர் ஒருவர்; அந்த அம்மையாரின் தந்தை. காரைக்கால் வழக்கில் சொன்னால் அவர் ஒரு 'சொல்தா'. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனப் போருக்குச் சென்று திரும்பியவர். மார்பில் இரண்டு பதக்கங்கள் தொங்கின. ஆனால் பணி விவரத் தாளில் ஒரே ஒரு பதக்கம்தான் குறிக்கப்பட்டிருந்தது: இந்தோசீனப் போர் நினைவுப் பதக்கம். குறுக்கு வடிவில் இருந்த மற்றொன்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"அது சைகோன் கடையில வாங்கி மாட்டுனதுண்டு சொந்தக்காரங்களே சிரிக்கிறாங்க ஹஜ்ரத். எங்க வாப்பா அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. பணத்திற்காக அவர் வரவில்லை. இறந்துபோன தந்தையின் மீது விழுந்த பொய்ப் பழியைத் துடைக்க ஒரு வழி இருக்கிறதா என்று கேட்கவே வந்திருந்தார்.

அன்றிலிருந்து இப்பொருள் குறித்துப் படித்ததையும், பிரெஞ்சு அறிந்த பெரியவர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. நம் ஊரின் பல வீடுகளில் இத்தகைய பெட்டிகள் உள்ளன.

பதிவேடும் மார்க்கமும்

எழுதி வைப்பதை நம் மார்க்கம் சிறு காரியமாகக் கருதவில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதையும் சாட்சிகளை நிறுத்துவதையும் பற்றியதே. மதீனாவில் இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தரும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்ததையும், 1500 ஆண்களின் பெயர்கள் எழுதப்பட்டதையும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரீயில் இடம்பெற்றுள்ளது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் 'திவான்' என்னும் பதிவேட்டை நிறுவினார்கள். போர்வீரர்களின் பெயர், குலம், முந்திச் செய்த தியாகம் ஆகியவற்றுக்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் உரிய உதவித்தொகை அதில் வகுக்கப்பட்டது. அந்த ஏடும் திருத்தத்திற்கு உட்பட்டதாகவே இருந்தது என்பதுதான் நமக்குப் பாடம். பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்று முதலில் விதி இருந்தது. ஓர் இரவு ஒரு குழந்தையின் ஓயாத அழுகையைக் கேட்ட உமர் (ரலி) அவர்கள் காரணம் விசாரித்தார்கள். உதவித்தொகைக்காகத் தாய் அவசரமாகப் பால்குடி மறக்கச் செய்வதை அறிந்து வருந்தி, பிறந்த நாள் முதலே தொகை உண்டு என்று விதியை மாற்றினார்கள். ஒரு குழந்தையின் அழுகை அரசின் ஏட்டைத் திருத்தியது.

நிஹாவந்த் போரின் வெற்றிச் செய்தியுடன் ஹிஜ்ரி 21இல் தூதர் மதீனா வந்தபோது, உயிர்நீத்தவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து, தாங்கள் அறியாத வேறு பலரும் உயிர்நீத்தார்கள் என்றாராம். உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள். உமர் அறியாததால் அவர்களுக்கு என்ன குறை, அல்லாஹ் அவர்களை அறிவான் என்ற கருத்தில் கூறினார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அல்லாஹ்வின் ஏட்டில் எந்தப் பெயரும் விடுபடுவதில்லை என்று உறுதியாக நம்பிய அதே உமர் (ரலி) அவர்கள்தாம், மனிதர்களுக்கான ஏட்டையும் அத்தனை கவனத்தோடு எழுதச் செய்தவர்கள். இவ்விரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

காரைக்காலின் சொல்தாக்கள்

1739ஆம் ஆண்டு தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றனர். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. இடைப்பட்ட இரு நூற்றாண்டுகளில் நம் முன்னோர் பிரெஞ்சுக் கப்பல்களில் ஏறி சைகோன் வரை சென்றனர். வணிகத்திற்குச் சென்றோர் பலர். இன்று ஹோ சி மின் நகரத்தின் நடுவே நிற்கும் பள்ளிவாசல் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்களால் கட்டப்பட்டதாகும். படைவீரராகச் சென்றோரும் உண்டு.

பிரெஞ்சிந்தியாவில் எல்லோரும் ஒரே நிலையில் வைக்கப்படவில்லை. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி, தம் சமயம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு வகை. துறக்காதவர்கள் மற்றொரு வகை. திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றில் ஷரீஅத்தை விட மனமில்லாத முஸ்லிம்களில் பெரும்பாலோர் துறக்கவில்லை. 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி பொன்வேன், தெ கோலின் சுதந்திர பிரான்ஸ் பக்கம் சேர்ந்தபோதும், அதன்பின் 1954 வரை நீண்ட இந்தோசீனப் போரிலும், பிரெஞ்சிந்தியர் படையில் பணியாற்றினர்.

பதக்கம் எவ்வாறு விடுபடுகிறது?

பிரெஞ்சுப் படையில் 'குருவா தெ கேர்' எனப்படும் போர்ப் பதக்கம் மூன்று வகைப்படும். முதல் உலகப் போருக்கென 1915இல் ஒன்றும், இரண்டாம் உலகப் போருக்கென 1939இல் ஒன்றும், ஐரோப்பாவுக்கு வெளியே நடந்த போர்களுக்கென 1921இல் ஒன்றும் ஏற்படுத்தப்பட்டன. இந்தோசீனாவில் வழங்கப்பட்டது கடைசி வகை. இது வெறுமனே போரில் இருந்தமைக்குத் தரப்படுவதன்று. வீரர் செய்த செயலை விவரித்துப் பாராட்டும் ஆணை ஒன்று வேண்டும். அந்த ஆணை எந்த நிலையில் பிறந்தது என்பதை நாடாவில் பதிக்கும் சின்னம் சொல்லும். படைப்பிரிவு நிலையாயின் வெண்கல நட்சத்திரம், டிவிஷன் நிலையாயின் வெள்ளி நட்சத்திரம், அதற்கு மேலெனில் பொன்முலாம் பூசிய நட்சத்திரம், முழு இராணுவ நிலையெனில் பனையோலைச் சின்னம்.

ஆணை பிறப்பது போர்முனையில். வீரரின் பணி விவர ஏடு இருப்பது வேறோர் அலுவலகத்தில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்த்தெழுத வேண்டும். அவ்விடைவெளியில் படைப்பிரிவு கலைக்கப்படலாம். வீரர் வேறு பிரிவுக்கு மாற்றப்படலாம். பெயர் தவறாக எழுதப்படலாம்.

பெயர்தான் நம்மவர்க்குப் பெருஞ்சிக்கல். நம்மிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தந்தை பெயர் முன்னே வருவதா, பின்னே வருவதா என்பது எழுத்தரின் விருப்பமாயிற்று. காதர் ஓரிடத்தில் ஒரு வகையாகவும் மற்றோரிடத்தில் வேறு வகையாகவும் எழுதப்பட்டார். முகம்மதுக்கோ கணக்கில்லை. மரைக்காயர், இராவுத்தர் என்ற ஒட்டுகள் சில தாள்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. பிறப்புப் பதிவில் ஒருவர், படை ஏட்டில் வேறொருவர், ஓய்வூதியப் புத்தகத்தில் மூன்றாமவர் என்று ஒரே மனிதர் மூவரானார்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1973 ஜூலை 12 அன்று நிகழ்ந்த தீ விபத்தில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையான படைவீரர் கோப்புகள் அழிந்தன. இன்றும் அங்குள்ள குடும்பங்கள் வேறு ஆவணங்களைத் தேடியெடுத்து, விடுபட்ட பதக்கங்களைப் பதிவுத் திருத்த வாரியத்தின் முன் நிரூபிக்கின்றன. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் பேரரசுக்காக இறந்த இந்திய, ஆப்பிரிக்க வீரர்களுள் குறைந்தது 1,16,000 பேர் பெயர் பொறிக்கப்படாமலே விடப்பட்டிருக்கலாம் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது.

தேடினால் உண்மை வெளிப்படும் என்பதற்கும் சான்று உண்டு. திப்பு சுல்தானின் வழிவந்த நூர் இனாயத் கான், நாஜிகளின் பிடியிலிருந்த பிரான்சில் இரகசிய வானொலி இயக்குநராகப் பணியாற்றிப் பிடிபட்டவர். அவர் நாட்ஸ்வைலர் முகாமில் கொல்லப்பட்டார் என்றே போருக்குப் பின் முதலில் முடிவு செய்யப்பட்டது. விசாரணை தொடர்ந்தபோது, அங்கே இறந்தவர் வேறொரு பெண் என்பதும், நூர் 1944 செப்டம்பர் 13 அன்று டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார் என்பதும் தெரியவந்தன. 1949இல் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அறிவித்தது. பிரான்சும் நாம் பேசும் இதே போர்ப் பதக்கத்தை அவருக்கு வழங்கியது.

பிழை ஏட்டில் மட்டுமன்று, சட்டத்திலும்

1959 டிசம்பரில் பிரான்ஸ் இயற்றிய நிதிச் சட்டம், தன் ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளின் குடிமக்களான முன்னாள் வீரர்களின் ஓய்வூதியத்தை அன்றைய அளவிலேயே உறைய வைத்தது. ஒரே அணியில் நின்று போரிட்ட இருவரில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரின் தொகை ஆண்டுதோறும் வளர்ந்தது, மற்றவருடையது நின்றுவிட்டது. செனகல் வீரர்கள் 743 பேர் தொடுத்த முறையீட்டில், இது பாகுபாடு என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1989இல் கூறியது. செனகல் நாட்டுப் படைவீரர் அமது தியோப் தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 30 அன்று பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. 2007இல் ஒரு பகுதியும், 2010 மே 28 அன்று அரசியலமைப்பு மன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் எஞ்சியதும் சரிசெய்யப்பட்டன. ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. உரியவர்களில் மிகப் பலர் மண்ணறைக்குச் சென்றுவிட்டிருந்தனர். ஆயினும், முறையிட்டதால்தான் அது நடந்தது.

பதக்கம் தேடுவது முகஸ்துதி ஆகாதா?

மதரஸா மாணவர் ஒருவர் இக்கேள்வியைக் கேட்டார். நியாயமான கேள்விதான். வீரன் என்று புகழப்படுவதற்காகப் போரிட்டவன் மறுமையில் முதலில் விசாரிக்கப்படுவோரில் ஒருவன் என்ற எச்சரிக்கை முஸ்லிம் நூலில் உள்ளது. ஆனால் அது செய்தவரின் எண்ணத்தைப் பற்றியது. அதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. பிள்ளைகள் தேடுவது புகழையன்று, உண்மையை. இறந்தவர் மீது சொல்லப்பட்ட பழியை நீக்குவதும், அவருக்கு உரியதை உரியவரிடம் சேர்ப்பதும் அமானிதம்.

அதே அமானிதம் மறுபக்கமும் வெட்டும். இல்லாததை இருப்பதாகச் சொல்வது பொய்ச் சாட்சியம், பெரும்பாவம். புகைப்படத்தில் குறுக்கு வடிவம் தெரிகிறது என்பதற்காக, அது குருவா தெ கேர்தான் என்று சொல்லிவிட முடியாது. முன்னாள் போராளிகளுக்குப் பொதுவாக 1930 முதல் வழங்கப்பட்ட பதக்கமும் குறுக்கு வடிவினதே. போர்ப் பதக்கமாயின் முன்புறத்தில் குறுக்கிட்ட இரு வாள்கள் இருக்கும். நாடாவில் நட்சத்திரமோ ஓலையோ இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெண்கலமும் வெள்ளியும் ஒன்றுபோலவே தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. கடையில் வாங்கியது என்ற ஏளனத்துக்கும் விடை உண்டு. ஆணை பெற்றவர்களே பல வேளைகளில் பதக்கத்தைக் கடையில் வாங்கித்தான் அணிந்தார்கள். வாங்கியது குற்றமன்று, ஆணை இருந்ததா என்பதே கேள்வி.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில், தாளில் உள்ள படை எண்ணைக் கண்டுபிடியுங்கள். பெயர் பலவாறு மாறும் என்பதால் எண் உதவும். அடுத்து, வீட்டிலுள்ள எல்லாத் தாள்களிலும் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று ஒரு பட்டியல் எடுங்கள். பிறந்த நாள், தந்தை பெயர், தாய் பெயர், படைப்பிரிவின் பெயர் ஆகியவற்றையும் அதில் சேருங்கள். பழைய தாள்களை லேமினேட் செய்யாதீர்கள், படமெடுத்து வையுங்கள்.

சாதாரண வீரர்களின் கோப்புகளைப் பிரான்சின் போ நகரிலுள்ள இராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்திலும், பிறவற்றைப் பாரிசுக்கு அருகே வான்சேனிலுள்ள இராணுவ வரலாற்றுக் காப்பகத்திலும் கேட்டுப் பெறலாம். பிரெஞ்சுக் குடியுரிமை உடையோரின் பிறப்புப் பதிவுக்கு நாந்த் நகரம் உள்ளது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் வழி கேளுங்கள். முதலில் பணி விவர ஏட்டின் நகலைக் கேளுங்கள். அதில் இல்லாததைக் கண்ட பின்னரே திருத்தம் கோருங்கள். பெயர்கள் பலவும் ஒருவருடையனவே என்பதற்கான சான்றையும் சேர்த்து அனுப்புங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் அறிந்ததைத் தேதியிட்டு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். இது ஒன்றைத் தள்ளிப் போடாதீர்கள்.

அந்த மூதாட்டியின் புகைப்படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தோம். இரு வாள்களும் தெரிந்தன. நாடாவில் ஒரு நட்சத்திரமும் இருந்தது. பேரன் விண்ணப்பம் எழுதி அனுப்பியிருக்கிறார். மறுமொழி இன்னும் வரவில்லை. "இல்லைன்னு எழுதி வந்தா என்ன செய்வீங்க?" என்று அவரிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தேடுனேன்ல ஹஜ்ரத், அது வாப்பாவுக்குப் போய்ச் சேரும்" என்றார்.

நம் பெற்றோரின் பிழைகளை அல்லாஹ் மன்னிப்பானாக. அவர்களைப் பற்றி உண்மையை மட்டும் பேசும் நாவை நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.